நாற்காலியில் தன்னைக் கட்டிப்போடச் சொன்னவர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை நூலக வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வித்தோரியோ அல்ஃபியேரி என்ற இத்தாலிய நாடகாசிரியரைப் பற்றிப் பேசப்போகிறேன். பரீட்சை நெருங்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்பீர்கள், அதனால்தான் முன்கூட்டியே இந்தக் கடிதம்.

1749இல் வட இத்தாலியின் ஆஸ்தி நகரில் வசதியான பிரபு வீட்டில் பிறந்தவர். ஒன்பது வயதில் தூரின் நகருக்குப் படிக்க அனுப்பினார்கள்; அங்கே கழிந்த ஆண்டுகளைக் கல்வியே இல்லாத காலம் என்று பின்னாளில் சுயசரிதையில் எழுதிவைத்தார். (தலைமையாசிரியராக இருந்துகொண்டு அதைப் படிக்கும்போது சுருக்கென்றுதான் இருக்கிறது.) அப்புறம் குதிரை, காதல், ஐரோப்பா முழுக்க ஊர் சுற்றல். பேசியது பிரெஞ்சும் வட்டார மொழியும்; எழுத்து இத்தாலியன் சரியாக வராது.

இருபத்தைந்து வயதையொட்டித்தான் எழுதும் வெறி பிடித்தது. காதலியைப் பார்க்க ஓடிவிடக் கூடாதென்று நீண்ட தலைமுடியை வெட்டிக்கொண்டார், வேலைக்காரர் எலியாவிடம் சொல்லித் தன்னை நாற்காலியோடு கட்டவைத்தார், யாராவது வந்தால் கட்டு தெரியாதபடி மேலங்கியால் மூடிக்கொண்டார். கட்டச் சொன்னது அவரேதான், கவனியுங்கள். வீட்டில் யாரும் கயிறு தேட வேண்டாம்.

1775இல் அவருடைய 'கிளியோபாத்ரா' தூரினில் மேடையேறிக் கைதட்டல் வாங்கியது. அவருக்கோ அதில் திருப்தியே இல்லை; இலக்கிய இத்தாலியனுக்குத் தாய்வீடான தொஸ்கானா பகுதிக்குப் போய் அந்த மொழியை அடியிலிருந்து படித்தார். ஒவ்வொரு நாடகத்தையும் மூன்று கட்டமாக எழுதுவார்: முதலில் காட்சிகளின் திட்டம், பிறகு முழுசும் உரைநடையில், கடைசியில் செய்யுள். 'ஃபிலிப்போ' நாடகத்தின் முதல் உரைநடை வடிவம் பிரெஞ்சில்தான் இருந்தது. கட்டுரை என்றாலே பேனாவைக் கடிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடத்தைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். 'சவுல்', 'மிர்ரா' இரண்டும் அவருடைய உச்சம்.

ஆனால் மனிதர் மகா முன்கோபி. தலைவாரும்போது ஒரு முடி இழுபட்டதற்காக அதே எலியாவை மெழுகுவர்த்தித் தண்டால் அடித்து ரத்தக்காயம் ஆக்கியவர். கொடுங்கோலர்களை எதிர்த்து நாடகம் நாடகமாக எழுதியவர் செய்த வேலை இது. அதையும் மறைக்காமல் சொல்வேன். 1789இல் பிரெஞ்சுப் புரட்சியில் பஸ்தீய் சிறை வீழ்ந்ததைப் பாரிஸிலிருந்தே பாராட்டிக் கவிதை எழுதினார், 1792இல் அதே புரட்சிக்குத் தப்பி ஓடி, பிரெஞ்சுக்காரர்களைத் திட்டித் தனி நூலே போட்டார்.

1803இல் ஃப்ளோரன்ஸில் இறந்தார். சாந்தா குரோச்சே தேவாலயத்தில் அவருக்குக் கல்லறைச் சின்னம் செதுக்கியவர் இத்தாலியச் சிற்பி கனோவா. இத்தாலி ஒரே நாடாக வேண்டும் என்று பின்னால் போராடிய தலைமுறை இவரைப் படித்து வளர்ந்தது.

வகுப்பு கடைசி இரண்டு பாடவேளைகளில். வேன் வழக்கமான நேரத்துக்கே கிளம்பும். வர விரும்பும் பெற்றோர் முந்தின நாளே அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள், நாற்காலி போட்டு வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்