ஒகேனக்கல்லுக்கு வரும்போது

கண்ணு,

நீ அனுப்பிய ஒகேனக்கல் படத்தை அப்பா மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தார். பாறையே தெரியாமல் செம்மண் நிறத்தில் தண்ணீர் பொங்கிப் போகிறதே, அது கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பித் திறந்துவிடும்போது எடுத்தது. அந்தச் சமயம் காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் எத்தனை ஆயிரம் கன அடி வருகிறதென்று பார்த்துத் தடை போட்டுவிடுவார்கள், பரிசலும் ஓடாது, குளிக்கவும் முடியாது. நீயோ ஆபீஸ் பிள்ளைகளோடு ஆகஸ்டில் வருகிறேன் என்கிறாய். தையில் வா கண்ணு. அப்போதுதான் தண்ணீர் இறங்கிக் கரும்பாறைச் சுவர்கள் வெளியே தெரியும், அந்தச் சந்துக்குள்ளே பரிசல் நுழையும். அடியில் இப்போது பிளாஸ்டிக் ஷீட் போட்டுத் தார் பூசுகிறார்கள், என் சின்ன வயதில் மாட்டுத்தோல்தான். ஆனால் உள்ளே குந்தினால் மூங்கில் பத்தை தொடையில் அழுந்துவதும், பரிசல்காரர் துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டுச் சுற்றிவிடும்போது அடிவயிறு கூசுவதும் மாறவே இல்லை.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதே. ஈரப்பாறையில் நின்று செல்ஃபி எடுக்காதே. உன் சித்தப்பா தூண்டில் போடப் போய்ப் பாசியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டது உனக்கே தெரியும், அவர் அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர்.

அப்புறம் ஒன்று, ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. எல்லாப் படத்திலும் நீ வாயை மூடியே சிரிக்கிறாய். அந்தப் பழுப்புக் கறை உன் தப்பு இல்லை கண்ணு, சரியாகப் பல் தேய்க்காததாலும் இல்லை. நம் பாறை பூமியில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பல் முளைக்கிற வயதில் அதைத்தான் உனக்குக் கொடுத்தேன், வேறு தண்ணீர் ஏது? 2013இல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நம் தெருக் குழாயில் முதல் குடம் பிடித்த அன்று, கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா என்று உன்னை நினைத்து அழுதேன். அதற்கப்புறம் பிறந்த உன் அத்தை பேத்தி பல் தெரியச் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாகவும் இருக்கிறது, நீயும் ஞாபகம் வருகிறாய். தொங்குபாலத்தில் நிற்கும்போது உன் படத்தை நானே எடுக்கிறேன். என் பல்லும் உன் பல் மாதிரிதானே, நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன், இன்னொரு படம் அப்பா எடுக்கட்டும்.

தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான், ஆனாலும் பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் வளைவு அதிகம், காலையிலேயே கிளம்பிவிடுவோம். மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே மசாலா தடவி வறுத்துத் தருகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். உன் தோழிகளில் யாருக்காவது காரம் ஆகாதென்றால் முன்னாலேயே சொல், நான் தயிர்சாதம் கட்டி எடுத்து வருகிறேன்.

அம்மா