கண்ணாடி உட்கார்ந்த கதை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் கையில் ஒரு ஸ்பேனர் இருந்தது, கோபிக்காதே. உன் மகளுக்கு மஸ்கட்டிலேயே வேலை கிடைத்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். ஆத்தா மறுநாளே பிள்ளையார்பட்டிக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள். அவள் நட்சத்திரம் தெரியாததால் உன் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டார்களாம், பலன் உனக்கு வந்தால் அவளிடம் கொடுத்துவிடு.

வண்டி என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். ஓடுகிறது. பழைய மாருதி 800-இன் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அப்படியே பின்னால் உட்கார வைத்து, ஒன்றரை அங்குலக் குழாயில் கூடு கட்டி, நீ அங்கே மணல்மேட்டில் பார்க்கிற டியூன் பக்கி மாதிரியே ஒன்று ஆகிவிட்டது. பள்ளத்தூரில் அதற்குப் பெயர் எலும்புக்கூடு. ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாது, ஆர்டிஓ பார்த்தால் என்னையும் சேர்த்துத் தூக்கிவிடுவார்கள், அதனால் நம் தோப்பும் பங்குனியில் காய்ந்துபோன கண்மாயும்தான். ஊருணிப் பக்கம் போகவே இல்லை, அது வேறு விஷயம், ஊரே திரண்டு வந்துவிடும்.

முதல் ஓட்டத்தில் முன்னால் கண்ணாடி கிடையாது. நாற்பதைத் தொட்டதும் ஒரு வண்டு நெற்றியில் அடித்தது பார், சின்ன வயதில் கில்லி பட்டது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து வாய் கொப்பளித்தால் தண்ணீர் செம்மண்ணாகப் போகிறது. வீட்டில், ‘வெற்றிலை போடுகிற பழக்கம் எப்போதிருந்து?’ என்று ஒரு கேள்வி.

சரி, கண்ணாடி வைப்போம் என்று கிளம்பினேன். ஒரு நாள் வேலை என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

மாருதியின் கண்ணாடியையே வைக்கலாம் என்றுதான் முதலில் ஆசை. ஆனால் அது வளைந்த கண்ணாடி, அந்த வளைவுக்கு நம் வீட்டுக் கொட்டகையில் ஃப்ரேம் வளைக்க முடியாது, நம் வண்டியின் அகலத்துக்கு அதை வெட்டவும் வழியில்லை. 1964-இல் கலிபோர்னியாவில் படகு கட்டிக்கொண்டிருந்த புரூஸ் மேயர்ஸ் இந்த மாதிரி வண்டியை ஃபைபர்கிளாஸில் செய்தாரே, பிறகு பீட்டில் காரின் அடிப்பலகையை ஓரடிக்கு மேல் வெட்டிச் சுருக்கி உலகமெல்லாம் பிரபலமான அந்த மேயர்ஸ் மேங்க்ஸ், அதில்கூடத் தட்டைக் கண்ணாடிதான். அவருக்கே அதுதான் என்றால் நமக்கென்ன.

காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் ஐந்து மில்லிமீட்டர் ஜன்னல் கண்ணாடி கேட்டேன். எதற்கு என்று விசாரித்துவிட்டுத் தரமாட்டேன் என்றார். உடைந்தால் கத்தி மாதிரி சில்லு சில்லாக வருமாம், சரியான பேச்சு. டஃபன்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரி உதிரும், பாதகமில்லை. ஆனால் அதை வெட்டுவது, துளை போடுவது எல்லாம் சூடேற்றுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும், பிறகு ஒரு அங்குலம் கூடிப்போனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கல் பட்டால் ஒரே நொடியில் முழுக்கண்ணாடியும் போய்விடும் என்பது இன்னொன்று. மிச்சம் லேமினேட்டட். மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள், உடைந்தாலும் சில்லுகளை அது பிடித்துக்கொள்ளும். விலை கேட்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

யோசித்ததன் விளைவு பாலிகார்பனேட், கண்ணாடி மாதிரியே தெரிகிற பிளாஸ்டிக் தகடு. லேசு, உடையாது, வீட்டிலேயே ரம்பத்தால் அறுக்கலாம். எட்டு துளை போட்டு போல்ட்டை நன்றாக முறுக்கி நிறுத்தினேன். மறுநாள் மத்தியானம் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி நடுவில் உப்பி நிற்கிறது. ஒரு மீட்டர் அகலத்துத் தகடு, காலைக் குளிர்ச்சிக்கும் உச்சிவெயில் சூட்டுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீளும், கண்ணாடி அதில் ஏழில் ஒரு பங்குகூட நீளாது. துளையைப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, நகர இடம் விட்டிருக்க வேண்டும். அழகப்பாவில் நான்கு வருஷம் படித்ததற்கு இதுகூடத் தோன்றவில்லை. அதையாவது சரிசெய்திருக்கலாம், ஆனால் செம்மண் தூசியைத் துண்டால் துடைத்துத் துடைத்து ஒரே வாரத்தில் புகைமூட்டமாகிவிட்டது. சாயங்கால வெயில் எதிரே வந்தால் எதுவும் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு லேமினேட்டட் வாங்கினேன். இரும்பு ஃப்ரேமில் வைத்து, பட்டை அடித்து, இறுக்கி, கூட்டுக்குழாயோடு நான்கு மூலையிலும் போல்ட் போட்டேன். அசையவே கூடாது என்று எனக்கு ஒரு வெறி. கண்மாய்க்கரையில் குறுக்காக ஏறினேன், ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டது, டக் என்று ஒரு சத்தம். இடது கீழ்மூலையிலிருந்து மேலே வரைக்கும் ஒரு கோடு. கல்லும் படவில்லை, வண்டும் படவில்லை.

யார் கண்டுபிடித்தது தெரியுமா? நம் வீட்டு வளவில் தளம் போட வந்திருந்த, தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிக்காரர். அவர்களுக்குக் கண்ணாடிதானே பிழைப்பு, கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு அமுக்கி எடுக்கிறார்கள், அந்தக் கல்லின் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது. தினமும் அவ்வளவு அமுக்கியும் தகடு உடைவதில்லை. அவர் வெடித்த இடத்தைப் பார்க்கவே இல்லை, ஃப்ரேமின் மூலையை விரலால் தடவினார். உள்ளே மிளகு அளவுக்கு ஒரு வெல்டிங் பிசிறு. ‘அடியில ஒரு மணல் கெடந்தாலே போதும்ங்க, நாங்க தகட்டைத் தொடைச்சுட்டுத்தான் வைப்போம்’ என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கூடு முறுகுகிறது, அதோடு ஃப்ரேமும் முறுகுகிறது, கண்ணாடியின் விளிம்பில் ஒரே புள்ளியில் பாரம். உடையாமல் என்ன செய்யும்!

இரண்டாவது கண்ணாடிக்கு எல்லாவற்றையும் மாற்றினேன். மூலைகளை வட்டமாக வெட்டச் சொன்னேன், இந்தத் தடவை கண்ணாடியைச் சுற்றி மாட்டப்போகிற ரப்பர் கூர்மூலையில் திரும்பாது. ஃப்ரேமை உள்ளே அரம் போட்டுத் தேய்த்து, நகம் ஓட்டிப் பார்த்து, பிறகு பெயின்ட். நான்கு போல்ட்டுக்குப் பதில் மூன்று இடம்தான், கீழே இரண்டு, மேலே நடுவில் ஒன்று, மூன்றிலும் ரப்பர் புஷ். மூன்று கால் முக்காலி மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கிறதே, அந்தக் கணக்கு. கூடு எப்படி முறுகினாலும் ஃப்ரேமுக்கு அது போய்ச் சேராது.

ரப்பர் போடக் கரூரில் பஸ் பாடி கட்டிய ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். அவர் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்டி, அதன் வெளிப்பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிவிட்டு, சோப்புத் தண்ணீர் தடவி ஃப்ரேமில் சாய்த்தார். நான் வெளியிலிருந்து உள்ளங்கையால் தட்ட, அவர் உள்ளேயிருந்து கயிற்றை மெதுவாக இழுக்க, ரப்பரின் உதடு ஃப்ரேம் பட்டையைத் தாண்டி ஒவ்வொரு அங்குலமாக உள்ளே புரண்டு உட்கார்ந்தது. பத்து நிமிஷம். ஒரு போல்ட் கிடையாது. கூலியோடு ஒரு வேட்டியும் வைத்துக் கொடுத்தேன்.

அதே கரையில் அதே இடத்தில் ஏறினேன், மூன்று தடவை. ஒன்றும் ஆகவில்லை.

இப்போது புதுத் தொல்லை, முகத்துக்கு வராத தூசி பிடரிக்கு வருகிறது. காற்று கண்ணாடிக்கு மேலே ஏறிப் போவதால் அதன் பின்னால் அழுத்தம் குறைந்து, பின்சக்கரம் கிளப்புகிற மண்ணை இருக்கைக்கே இழுத்துக்கொண்டு வருகிறது. ஃப்ரேமுக்குக் கீழே இரண்டு அங்குலம் சந்து விட்டதில் கொஞ்சம் குறைந்தது, பின்னால் மட்கார்டும் அகலமாகப் போட வேண்டும். உங்கள் பக்கம் மணலில் ஓட்டுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்? விசாரித்து எழுது, கண்ணுக்கு மாட்டுகிற நல்ல தூசிக்கண்ணாடி இரண்டு கிடைத்தால் வரும்போது வாங்கி வா.

வெடித்த கண்ணாடியை எறியவில்லை. ஆத்தா மொட்டைமாடியில் வடகத்தை அதால் மூடி வைத்திருக்கிறார்கள். காக்கை மேலே உட்கார்ந்து கொத்திக்கொத்திப் பார்த்துவிட்டுப் போகிறது.

உன்,
எலும்புக்கூட்டுக்காரன்