மக்கள் அறிவியலுக்கும் அறநெறி ஆய்வு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொதுமக்களே தன்னார்வத்தோடு தரவு சேகரிக்கும், பறவைக் கணக்கெடுப்பு போன்ற மக்கள் அறிவியல் திட்டத்துக்கு அறநெறிக் குழுவின் ஒப்புதல் தேவையா என்று கேட்டால், 'மனிதர்மீது ஆய்வு நடக்கவில்லையே' என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் மருத்துவ ஆய்வுக்கானவை. விலங்குகளுக்கான குழுக்கள் பார்ப்பது விலங்குச் சோதனைகளை. கைபேசியில் படமெடுத்துப் பதிவேற்றும் தன்னார்வலர் இரண்டிலும் சேர்த்தியில்லை.

ஆய்வாளர் ஒருவர், ஆய்வுக்கு உட்படுபவர் இன்னொருவர் என்று கொண்டுதான், மனிதர்மீதான ஆய்வுக்கு அறநெறி வகுத்த அமெரிக்காவின் பெல்மான்ட் அறிக்கை 1979இல் வெளியானது. இங்கே இருவரும் ஒருவரே. ஆனாலும் அதன் மூன்று கொள்கைகளில் நீதி, அதாவது பலன் யாருக்கு, சுமை யாருக்கு என்ற கேள்வி, இங்கு அப்படியே பொருந்தும். தரவை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தால் மொத்தத்தில் நன்மைதான் என்கிறார்கள். மொத்தக் கணக்கு சரி; கட்டுரை எழுதுபவருக்கு லாபம், நஷ்டம் மட்டும் வேறு எங்கோ.

கடத்தலுக்கு இலக்காகும் நட்சத்திர ஆமையைப் பாருங்கள். உயிரினங்களைப் படத்தோடு பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அதன் இடத்தை 0.2 பாகைக் கட்டத்துக்குள், அதாவது பக்கத்துக்குச் சுமார் 22 கி.மீ. உள்ள சதுரத்துக்குள், தானாகவே மறைத்துக் காட்டும். பதிவேற்றுபவர் குறிப்பில் 'கண்மாய்க்கரை அய்யனார் கோயிலுக்குப் பின்புறம்' என்று எழுதிவிட்டால் மறைத்தும் பயனில்லை. அசல் படத்தை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்'டாக அனுப்பினால் ஜிபிஎஸ் விவரமும் கூடவே போகும். அட்சரேகையில் நான்கு தசம இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டருக்குள் இடம் தெரிந்துவிடும். இரண்டோடு நிறுத்தினால் அதுவே ஒரு கிலோமீட்டராகும்.

தன்னார்வலரும் தப்புவதில்லை. தினமும் காலையில் வீட்டு மாடியிலிருந்து, பார்த்த பறவைகளைப் பதிவுசெய்யும் இ-பேர்ட் தளத்தில் பட்டியல் போடுபவர், தம் வீடு இருக்கும் இடத்தையும் ஊரில் இல்லாத நாள்களையும் சேர்த்தே ஊருக்குச் சொல்கிறார்.

'எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்று ஒப்புதல் படிவத்தில் எழுதுவதும் பாதி உண்மைதான். பதிவை நீக்கினாலும், ஏற்கெனவே பிறர் தரவிறக்கிய பிரதிகள் திரும்பி வரா. அதைப் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளி மாணவர்கள் பங்கேற்றால் பெற்றோர் ஒப்புதலும் தேவை. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான்.

இதற்கு நாற்பது பக்க விண்ணப்பம் வேண்டாம். 'இந்தத் தரவு யார் கையில் சிக்கினால் யாருக்குக் கெடுதல்?' என்ற கேள்விக்கு ஒரு பக்கத்தில் பதில், பிறகு முதல் மாதப் பதிவுகளில் சிலவற்றைத் திறந்து பார்த்து ஒரு மறுபரிசீலனை. தொடக்கத்தில் ஒரேயொரு முறை முத்திரை குத்துவதில் பயனில்லை; தவறுகள் பதிவேற்றத் தொடங்கிய பிறகே வெளிப்படும். மருத்துவ அறநெறிக் குழுவில் சாமானியர் ஒருவருக்கு இடம் உண்டு. இங்கே அந்த நாற்காலியைத் தன்னார்வலர் ஒருவருக்குத் தரலாம்.

மக்கள் அறிவியல் ஒருங்கிணைப்பாளர்கள்,
மதுரை