பிரிப்பதற்கு முன் கை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் பாதுகாப்பு என்றாலே புகார் கொடுப்பது, பிள்ளையைக் காப்பகத்தில் சேர்ப்பது, அவ்வளவுதான் என்று நிறைய பேர் நினைக்கிறோம். எங்கள் பக்கத்து வீட்டுத் தாய் இரவு வேலைக்குப் போகும்போது ஆறு வயது மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அந்தப் பிள்ளை நிற்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். அவருக்குத் தேவைப்பட்டது தண்டனை இல்லை, இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். வறுமையை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009-லேயே ஏற்ற வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. கொடுமை நடக்கிற வீடு வேறு, அங்கே ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த சமூகப் பணியாளர்கள் வேண்டும், அதுவும் புகார் வருவதற்கு முன்பே வீடு தேடி வந்து பேசுகிறவர்களாக.

இப்படிக்கு,
ஒரு வாசகர்