ஒன்றில் கால் வைக்காத ஆட்டம்

சாந்தியாகோ, கியூபா

அன்புள்ள வசு,

உன் கடிதம் டொராண்டோ வீட்டுக்குப் போயிருந்தது. மகள் அதைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பினாள். இங்கே இணையம் வருவதும் போவதுமாக இருப்பதால் கடைசிப் பக்கம் முதலிலும் முதல் பக்கம் மறுநாளும் வந்து சேர்ந்தன. முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. மருத்துவர் சொன்ன பயிற்சிகளை விடாதே. இப்போதே தட்டுக்கழி பிடிக்க ஆரம்பித்துவிட்டதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான், ஆனால் தரையில் சம்மணம் போட வேண்டாம், நாற்காலி போட்டுக்கொள். அரங்கேற்றத்துக்கு நீ எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

இவருக்கு இந்த ஊர் ஒத்துப்போய்விட்டது. வெயில் ஏறுவதற்குள் சேஸ்பெதெஸ் சதுக்கத்துக்குப் போய்விடுகிறார். தெருவில் மேசை போட்டு டோமினோ ஆடுகிறவர்கள் இவரையும் சேர்த்துக்கொண்டார்கள். மொழி சரியாகத் தெரியாமலேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். மின்வெட்டு மட்டும் ரொம்பப் படுத்துகிறது. தண்ணீர் வரும் நேரம் பார்த்துப் பிடித்து வைக்க வேண்டும். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டு அம்மா கரண்ட் இல்லாத நாட்களில் கரியடுப்பில் காபி போடுகிறார். ஊரே மேடும் பள்ளமுமாக இருப்பதால் கடைக்குப் போய்வந்தாலே கால் வலிக்கிறது. நீ இப்போது இங்கே வரக்கூடாது, வசு. கால் தேறட்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "அந்த சோன் ஆட்டத்தில் சமம் எங்கே இருக்கிறது, எப்படிப் பிடிக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். சோன் இங்கே கியூபாவில் பிறந்த பாட்டும் அதற்கான ஜோடி ஆட்டமும். சமம், அதாவது சுற்றின் முதல் எண்ணிக்கை, இதிலும் இருக்கிறது. அதில் கால் வைப்பதுதான் இல்லை.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று என்று வைத்துக்கொள். டொராண்டோவில் நான் போன சல்சா வகுப்பில் ஒன்று, இரண்டு, மூன்றில் கால் வைத்து நான்கில் விடுவோம். ஐந்து, ஆறு, ஏழில் கால், எட்டில் ஓய்வு. இங்கே இளைஞர்கள் ஆடும் கசினோவும் பெரும்பாலும் அப்படித்தான். சோனில் இரண்டு, மூன்று, நான்கில் கால் விழுகிறது. பிறகு ஆறு, ஏழு, எட்டில். ஒன்றும் ஐந்தும் காலி. இதைத்தான் இங்கே கோந்த்ராதியெம்போ என்கிறார்கள். காகிதத்தில் எழுதினால் ஒரு எண்ணிக்கை தள்ளிப் போட்டது போலத்தான் இருக்கும். ஆனால் எண்ணிக்கொண்டே ஆடுகிறவரையும் கேட்டு ஆடுகிறவரையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால், இரண்டு பேரும் ஒரே எண்ணிக்கையில் கால் வைத்தாலும் ஆட்டம் ஒன்றாக இருக்காது. கேட்டு ஆடுகிறவர் அந்தக் காலி இடத்தில் நிற்பதில்லை. அவருடைய எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது, முழங்கால் மடிந்து கொடுக்கிறது. ஒன்று கடந்து போகிறது, அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் பாஸ், அடியில் கனமாக ஒலிக்கும் கம்பி வாத்தியம். சோனில் பாஸ்காரர் சாதாரணமாக ஒன்றில் வாசிப்பதே இல்லை. எட்டை நான்கு நான்காகப் பிரித்து எண்ணினால், இரண்டரையில் ஒரு அடி, நான்கில் ஒரு அடி. அந்த நான்கில் அவர் வாசிக்கும் ஸ்வரம் அடுத்த நான்குக்கு உரியது. அதைத் தொட்டு நீட்டிக்கொண்டே ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார். அதீத எடுப்பில் பாட்டு தாளத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுமே, அந்த உணர்ச்சியை நினைத்துக்கொள். இங்கே அது ஒவ்வொரு நான்கிலும் நடக்கிறது. போங்கோ என்ற ஜோடிச் சின்ன முரசையும் கவனித்தால், விடாமல் ஓடும் எட்டு அடிகளில் பெரிய முகத்தின் கனமான சத்தம் வருவதும் அதே நான்கில்தான். ஆக, கீழேயிருந்து வரும் கனமெல்லாம் நான்கில் வந்து கூடுகிறது. நம் மூன்றாவது காலடியும் அங்கேதான் விழுகிறது. அங்கே விழுந்த பிறகு ஒன்றில் இன்னொரு அடி வைக்க உடம்புக்கே தோன்றாது. பாஸின் நாதம் நீள்கிற வரைக்கும் அதன் மேல் இருக்கத்தான் தோன்றும்.

என் ஆசிரியைக்கு எழுபதைத் தாண்டிய வயது. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. அவர் எண்ணவே மாட்டார். பாட்டை ஓடவிட்டு எனக்குப் பின்னால் வந்து நிற்பார். உள்ளங்கையை என் இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே வைத்து, பாஸை வாயால் பாடுவார்: "பூம்… பூம்…" இரண்டரையில் விரல் நுனி மட்டும் லேசாகத் தொடும், நான்கில் உள்ளங்கை முழுதும் அழுத்தும், அழுத்தியபடியே இருக்கும், ஒன்று போன பிறகுதான் தளரும். கால் எடுத்து வைக்கச் சொல்லாமல் ஒரு பாட்டு முழுக்க இதையே செய்வார். அப்புறம் அடுத்த பாட்டு. காலே அசையத் தொடங்கினால் அசையட்டும் என்று விட்டுவிடுவார். கை எடுத்த பிறகும் முதுகில் அந்த அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். தாளம் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால் நான் இனி முதுகு வழியாக என்றுதான் சொல்வேன்.

கிளாவே பற்றி உனக்குத் தனியாக எழுத வேண்டும், நீ நட்டுவாங்கம் செய்கிறவள். கிளாவே என்பது இரண்டு சின்ன மரக்கட்டைகள். ஒன்றைக் குழித்த உள்ளங்கையில் வைத்து இன்னொன்றால் தட்டுகிறார்கள். ஹவானா துறைமுகத்தில் கப்பல் கட்டப் பயன்பட்ட மர ஆணிகளிலிருந்து வந்தவை என்று சொல்கிறார்கள். கட்டைக்கும் அதில் தட்டும் ஐந்து அடிகளுக்கும் ஒரே பெயர். நீ ஆதி தாளத்தைப் போட்டுக்கொண்டு இதைச் செய்து பார்: ஒன்று, இரண்டரை, நான்கு, ஆறு, ஏழு. லகுவுக்குள், அதாவது முதல் நான்கில், மூன்று அடி விழுகிறது. பின் நான்கான திருதங்களில் இரண்டு: முதல் திருதத்தின் வீச்சில் ஒன்று, இரண்டாவதன் தட்டில் ஒன்று. பாதி பாதியாகக் கணக்குப் போட்டால் மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு, கூட்டினால் 16. சில பாட்டுகளில் இரண்டு அடி உள்ள பாதி முன்னால் வரும், மூன்று பின்னால் வரும். எப்படித் தொடங்கினாலும் பாட்டு முடியும்வரை பாடகரும், கிட்டார் போன்ற த்ரெஸ் வாசிக்கிறவரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இப்போது காலைச் சேர்த்துப் பார். இரண்டு அடி விழும் பாதியில் கிளாவேயின் இரண்டு அடியும் சரியாக உன் காலின் மேலேயே விழும். மூன்று அடி விழும் பாதியில் ஒன்று மட்டும், அந்த நான்கு மட்டும் காலோடு சேரும். மற்ற இரண்டும் காலுக்கு வெளியே நிற்கும். அதனால் ஒரு பாதி இளகி, மறு பாதி இறுகி, ஒரு மூச்சு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. இதை ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு எண்ணிக்கை தேவைப்படாது.

எரெதியா தெருவில் காசா தெ லா த்ரோவா என்று ஒரு இடம் இருக்கிறது. 1968இலிருந்து அங்கே பாட்டு நடக்கிறது. மாலையில் போனால் உள்ளூர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் கலந்திருப்பார்கள். நான் பார்க்கப் போவது வயதானவர்களை. ஒரு ஜோடியை உனக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. அவர் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டவர், அந்த அம்மா இஸ்திரி போட்ட பூப்போட்ட கவுன். தோள் அசையவே இல்லை. பிடித்த கைகள் ஒரே உயரத்தில் இருந்தன. கால் தரையிலிருந்து எழும்பியதா என்றே தெரியவில்லை. பாட்டின் முதல் பாதி முழுக்க ஒரு சின்ன மேசை போடும் இடத்துக்குள்ளேயே ஆடினார்கள். பிறகு மொந்துனோ தொடங்கியது. கூட்டாக ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாட, தனிப்பாடகர் நடுவில் புதிது புதிதாகப் பதில் சொல்லிக்கொண்டு போகும் பகுதி அது. போங்கோக்காரர் போங்கோவைக் கீழே வைத்துவிட்டு மாட்டுமணி போன்ற செஞ்செர்ரோவை எடுத்தார். அந்த நொடியில் அவர்கள் இரண்டு பேரும் விரிந்தார்கள். அவர் ஒரு காலை நீட்டி, இன்னொரு காலின் மேல் தாழ்ந்து உட்காருவது போல இறங்கினார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்தபடி அவரைச் சுற்றி நடந்து, திருகாணி முடுக்குவது போல அவரைச் சுழற்றினார். அதற்குத் தோர்னியோ என்று பெயர். நடந்த ஒவ்வொரு அடியும் இரண்டு, மூன்று, நான்கிலேயே இருந்தது. அவசரம் என்பது எங்குமே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வசு.

இன்னொரு நாள் பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை, விளக்கு இல்லை. பாடுகிறவர்கள் மேடையை விட்டு இறங்கி ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொடர்ந்தார்கள். ஒலிபெருக்கி போனதும் மராக்காஸ் கிலுகிலுப்பையின் சரசரப்பும் கிளாவேயும் அவ்வளவு தெளிவாகக் கேட்டன. இந்த இசை முதலில் எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குப் புரிந்தது.

முதலில் எங்கே இருந்தது என்று பார்க்கத்தான் குவாந்தனாமோவுக்குப் போய்வந்தோம். சோன் இந்தக் கிழக்குப் பக்கத்து மலைகளில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. ஸ்பானியக் கிட்டார் வழி ஒன்று, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் தாள வழி ஒன்று, இரண்டும் சேர்ந்த இடம் இது. குவாந்தனாமோவில் அதன் மூத்த உறவான சங்குயி இன்றும் இருக்கிறது. அதில் கிளாவேக் கட்டைகளே கிடையாது. பாஸுக்குப் பதிலாக மரிம்புலா: முன்பக்கம் ஓட்டை வைத்த பெரிய மரப்பெட்டி, அதில் வரிசையாக உலோகத் தகடுகள். வாசிப்பவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கையை விட்டுத் தகடுகளை நெம்பிவிடுகிறார். பலகைத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். சத்தம் காதுக்கு வருவதற்கு முன் பாதத்துக்கு வந்தது போல இருந்தது.

இந்தக் கிழக்கிலிருந்து 1909 வாக்கில் சோன் ராணுவ வீரர்களோடு ஹவானாவுக்குப் போனது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 1920இல் செக்ஸ்தெத்தோ ஹபனேரோ என்ற குழு வந்தது: த்ரெஸ், கிட்டார், பாஸ், போங்கோ, மராக்காஸ், கிளாவே என்று ஆறு பேர். 1927இல் இக்னாசியோ பின்யெய்ரோ செப்தெத்தோ நசியோனால் குழுவைத் தொடங்கினார், ட்ரம்பெட்டும் சேர்ந்தது. 1940களில், கண் தெரியாத த்ரெஸ் கலைஞர் அர்செனியோ ரோத்ரிகெஸ், கொங்கா முரசும் பியானோவும் கூடுதல் ட்ரம்பெட்டுகளும் சேர்த்து, வேகத்தைக் குறைத்துக் கனத்தைக் கூட்டினார். ஆடிக் கற்றுக்கொள்ள எனக்கு அவருடைய பாட்டுகள்தான் மிகவும் பிடித்திருக்கிறது. அந்த நான்காவது அடி விழ நேரம் எடுத்துக்கொள்கிறது, நமக்கும் நேரம் கொடுக்கிறது. வேகமான பாட்டில் இதைப் பழகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

உனக்கு அனுப்பும் பதிவுகளில் சாந்தியாகோவின் த்ரீயோ மத்தாமோரோஸும் இருக்கிறது. 1925இல் சேர்ந்த மூன்று பேர். இரண்டு கிட்டார், மராக்காஸ், கிளாவே, அவ்வளவுதான். அதில் பாஸ் கிடையாது. ரஃபாயேல் குவெத்தோவின் கிட்டார்தான் அந்த வேலையைச் செய்கிறது. அவர்களுடைய 'லாக்ரிமாஸ் நெக்ராஸ்' மெதுவான பொலேரோவாகத் தொடங்கி நடுவில் சோனாக மாறும். மாறும் இடத்தில் உன் கை என்ன செய்கிறது என்று கவனி. மிகேல் மத்தாமோரோஸ் பிறந்த மே 8ஐ இங்கே சோன் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அதுவரைக்கும் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நானும், மகளிடம் என்ன சொல்வது என்று இவரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போதைக்கு நீ ஆட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையால் தாளம் போட்டு, வாயால் கிளாவேயைச் சொல்லிப் பார். பிறகு தாளத்தை நிறுத்திவிட்டு பாஸை மட்டும் கேள். நல்ல காலின் குதிகாலை எங்கே தட்டத் தோன்றுகிறது என்று எனக்கு எழுது. உன் மாணவிகள் யாராவது பக்கத்தில் இருந்தால் அவர்களையும் தட்டச் சொல்லி, எத்தனை பேருக்கு ஒன்றை விட மனம் வருகிறது என்று பார்த்துச் சொல். அரங்கேற்ற அழைப்பிதழ் அச்சானதும் எனக்கும் ஒன்று எடுத்து வை. அம்மாவுக்கு என் நமஸ்காரம். மாத்திரைகளை நேரத்துக்குப் போட்டுக்கொள்.

உன்
கௌரி