பெரிய கம்பெனிகள்ல பில் பாஸ் பண்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பர்ச்சேஸ்ல ஆர்டர் போடறவங்க, ஸ்டோர்ல சரக்கு எண்ணி வாங்கறவங்க, அக்கவுண்ட்ஸ்ல பில் பாஸ் பண்றவங்க, கடைசியா கையெழுத்து போடற பெரியவங்க, எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதறேன், சின்ன சப்ளையர்களுக்கு பில் காசு லேட்டா வர்றத பத்தி. நான் துணிப்பை தைச்சு குடுக்கற ஒரு சின்ன யூனிட் நடத்தறேன். ஆரம்பிச்சப்ப என்கிட்ட இருந்தது ரெண்டு பழைய தையல் மெஷின், ஒரு கட்டிங் டேபிள், அதுக்கு முன்னாடி பாத்த வேலைல மிச்சம் புடிச்ச ஆறு மாச சம்பளத்துக்கும் கம்மியான காசு, அவ்ளோதான்.

இவ்ளோ கம்மி முதலீட்டுல தொழில் பண்ண முடியாதுன்னு நிறைய பேர் சொன்னாங்க. முடியும், நான் பண்ணேன். மெஷின் செகண்ட் ஹேண்ட்ல கெடைச்சுது, எடம் வீட்டு முன் ரூமே போதும்னு ஆச்சு, துணி வேணுங்கற அளவுக்கு மட்டும் வாங்கினேன், முதல் மூணு மாசம் தெரிஞ்சவங்க, கடைக்காரங்கன்னு சின்ன சின்ன ஆர்டர்தான், பைய குடுத்த அன்னைக்கே காசு கைக்கு வந்துடும், அத வெச்சு மறுநாள் துணி வாங்குவேன். காசு கம்மிதான், ஆனா ஓடிட்டே இருந்துச்சு. அது நின்னது உங்கள மாதிரி ஒரு பெரிய எடத்துல இருந்து முதல் ஆர்டர் வந்தப்பதான்.

அந்த ஆர்டர் வந்த அன்னைக்கு வீட்ல எல்லாரும் அவ்ளோ சந்தோஷப்பட்டோம். கையில இருந்தது மொத்தத்தையும் துணியில போட்டேன், கூட ரெண்டு பேர வேலைக்கு சேத்துக்கிட்டேன், சொன்ன தேதிக்கு முன்னாடியே சரக்கு குடுத்தாச்சு, ஒரு பை கூட ரிஜெக்ட் ஆகல. பிஓல, அதாவது ஆர்டர் பத்திரத்துல, பேமென்ட் 60 நாள்னு போட்டிருந்துச்சு, அத நான் அப்ப பெருசா எடுத்துக்கல, ரெண்டு மாசம்தானேன்னு நெனச்சேன். ஆனா அந்த 60 நாள் சரக்கு குடுத்த டெலிவரி சலான் தேதில இருந்து ஆரம்பிக்காதாம், ஸ்டோர்ல என்ட்ரி போட்டு, அவங்க ஓகே பண்ணி, பில் அக்கவுண்ட்ஸ் டேபிளுக்கு போன தேதில இருந்துதானாம். நடுவுல வெண்டர் கோடுல, அதாவது சப்ளையருக்கு கம்பெனி குடுக்கற அடையாளக் குறில, ஒரு எழுத்து தப்புன்னு பில் திரும்பி வந்துச்சு, மாத்தி குடுத்தா இந்த மாசம் காசு போடற சுத்து முடிஞ்சுது, அடுத்த ரன்ல, அதாவது அடுத்த சுத்துல, பாக்கலாம்னாங்க. சரக்கு போய் 97வது நாள்தான் காசு வந்துச்சு.

அந்த 97 நாள்ல நடந்ததுதான் உங்களுக்கு தெரியணும். ரெண்டாவது ஆர்டர் வந்துச்சு, முதல் ஆர்டர விட பெருசு, ஆனா துணி வாங்க காசு இல்ல. நஷ்டம் எதுவும் கெடையாது, கணக்குல பாத்தா நான் லாபத்துல இருக்கேன், ஆனா காசு என்கிட்ட இல்ல, உங்ககிட்ட இருக்கு. வேலைக்கு வந்தவங்களுக்கு சனிக்கிழமையானா கூலி குடுத்தே ஆகணும், அவங்ககிட்ட போய் அடுத்த ரன்ல பாக்கலாம்னு சொல்ல முடியாது. கைமாத்து வாங்கினேன், அதுவும் தீந்தப்பறம் வட்டிக்கு வாங்கினேன்.

ஒரு சின்ன கணக்கு சொல்றேன், தயவு செஞ்சு பொறுமையா பாருங்க. என்கிட்ட 100 இருக்குன்னு வைங்க, அதுல துணி, கூலி எல்லாம் போட்டு தைச்சு குடுத்தா 110 வரும். காசு 15 நாள்ல வந்துட்டா அதே 100 வருஷத்துல 24 தடவ சுத்தும், லாபத்த திரும்ப தொழில்ல போடலைன்னாலும் 240 நிக்கும். அதே காசு 90 நாள் கழிச்சு வந்தா வருஷத்துக்கு 4 சுத்துதான், 40தான் நிக்கும். ஆள் அதே ஆள், மெஷினும் பையும் வெலையும் கூட அதேதான், மாறினது நீங்க குடுக்கற தேதி மட்டும். இதுல நடுவுல நான் மாசம் நூத்துக்கு 3 வட்டிக்கு வாங்கினா மூணு மாசத்துல 9 போயிடும், 10ல மிச்சம் 1. அந்த ஒண்ணுக்காகத்தான் மூணு பேர் மூணு மாசம் உக்காந்து தைச்சோம்.

கம்மி முதல்ல ஆரம்பிக்கறவங்க கையில முதல் தவிர வேற எதுவும் கெடையாது, நீங்க புடிச்சு வெக்கறது அந்த முதலத்தான். அமெரிக்காவுல ஜேபி மார்கன் சேஸ் இன்ஸ்டிட்யூட்ங்கற பேங்க் ஆராய்ச்சி அமைப்பு 2016ல சுமார் 6 லட்சம் சின்ன தொழில்களோட பேங்க் கணக்க எடுத்து பாத்தாங்க, உள்ள வர காசு மொத்தமா நின்னுட்டா எத்தன நாள் தாக்கு புடிப்பாங்கன்னு. பாதி பேருக்கு 27 நாளுக்கு மேல தாங்காதுன்னு வந்துச்சு. அத படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல, என் கணக்கும் அவ்ளோதான் இருந்துச்சு. 27 நாள் தாங்கறவங்கள 90 நாள் காத்திருக்க வெக்கறீங்க. அந்த 90 நாளும் நான் உங்களுக்கு வட்டி இல்லாம குடுக்கற கடன். உங்களுக்கு பேங்க் கடன் குடுக்கற வட்டிக்கு எனக்கு யாரும் கடன் குடுக்க மாட்டாங்க, இருந்தும் உங்களுக்கு கடன் குடுக்கறது நான்.

சட்டம் இல்லாம இல்ல. இந்தியாவுல 2006ல வந்த குறு, சிறு, நடுத்தர தொழில் மேம்பாட்டு சட்டம் இருக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தா கூட குறு, சிறு தொழில்காரங்களுக்கு 45 நாளுக்கு மேல இழுக்க கூடாது, ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான். தாண்டினா ரிசர்வ் பேங்க் அறிவிக்கற பேங்க் ரேட்டுங்கற வட்டி விகிதம் மாதிரி மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. நாள் கணக்கும் சரக்கு கைக்கு வந்த தேதில இருந்துதான், 15 நாளுக்குள்ள எழுத்துல குறை சொன்னா மட்டும்தான் அது தள்ளும். 2024 ஏப்ரல்ல இருந்து அந்த நாள தாண்டி வெச்சிருக்கற பாக்கிய, காசு குடுக்கற வருஷம் வரைக்கும் வருமான வரில செலவா காட்ட முடியாதுன்னும் ஆயிடுச்சு. ஐரோப்பிய யூனியனோட 2011 உத்தரவுல கம்பெனிக்கு கம்பெனி பொதுவா 60 நாள், அரசாங்க ஆபீஸ்னா பொதுவா 30 நாள். பிரிட்டன்ல 1998 சட்டப்படி லேட்டானா பேங்க் ஆஃப் இங்கிலாந்து ரேட்டுக்கு மேல 8 சதவீதம் வட்டி கேக்கலாம். அமெரிக்காவுல 1982லயே மத்திய அரசு ஆபீஸ்களுக்கு இதுக்குன்னு தனி சட்டம் போட்டுட்டாங்க. இவ்ளோ நாட்ல உக்காந்து சட்டம் போட்டிருக்காங்கன்னா இது என் ஒருத்தர் கஷ்டம் இல்லன்னு புரியுதுல்ல.

அப்ப கேஸ் போட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போட மாட்டேன், என்னை மாதிரி இருக்கறவங்க முக்காவாசி பேர் போட மாட்டாங்க. வட்டி கேட்டு ஒரு லெட்டர் போட்டா அந்த வட்டி வருதோ இல்லையோ அடுத்த ஆர்டர் வராது, இது உங்களுக்கும் தெரியும். அதனாலதான் சட்டத்துகிட்ட போகாம நேரா உங்ககிட்ட வந்து பேசறேன்.

எனக்கு சலுகை எதுவும் வேணாம். புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு ஆர்டர் குடுக்கும்போது துணி வாங்கற அளவுக்காவது அட்வான்ஸ் குடுங்க, முழுசும் வேணாம், மூலப்பொருள் காசு மட்டும் போதும், மத்தது எங்க உழைப்பு, அதுக்கு காத்திருக்கலாம். பயமா இருந்தா முதல் ஆர்டர சின்னதா குடுத்து பாருங்க, ஆனா சின்ன ஆர்டருக்கு சீக்கிரம் காசு குடுங்க. பில்லுல தப்பு இருந்தா வந்த அன்னைக்கே ஒரு போன் போடுங்க, 40 நாள் கழிச்சு நாங்க ஃபாலோ அப் பண்ணும்போது ஹோல்டுல இருக்குன்னு சொல்லாதீங்க, அந்த ஒரு எழுத்த மாத்த எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். சின்ன சப்ளையர் பில்லுகளுக்கு சிஸ்டத்துல தனியா ஒரு அடையாளம் வெச்சு 15 நாள் ரன்ல தள்ளிடலாம், உங்க மொத்த பேமென்ட்ல எங்க பங்கு ரொம்ப சின்னது, உங்க கேஷ் ஃப்ளோ அதுல ஆடாது. அதுவும் முடியலைன்னா பில் டிஸ்கவுண்டிங் பண்றவங்ககிட்ட, அதாவது பில்ல வெச்சு முன்னாடியே காசு குடுக்கறவங்ககிட்ட, எங்க பில்ல ஒத்துக்கிட்டோம்னு ஒரு ஓகே குடுங்க, நாங்க கொஞ்சம் கழிவு விட்டுட்டு காசு வாங்கிக்கறோம். அந்த ஓகே நீங்க குடுக்காம எங்களுக்கு அங்க ஒரு பைசா நகராது.

இன்னொண்ணு, வரி. பல எடத்துல பில் போட்டாலே அந்த மாசக் கணக்குல வரிய கட்டியாகணும், காசு வந்தப்பறம் இல்ல. அதாவது உங்ககிட்ட இன்னும் வாங்காத காசுக்கு நான் என் கையில இருந்து வரி கட்டிட்டு உக்காந்திருக்கேன். இத ஒரு அக்கவுண்ட்ஸ் மேடம்கிட்ட சொன்னப்ப அவங்க நெஜமாவே அதிர்ந்துட்டாங்க, நான் இத யோசிச்சதே இல்லைன்னாங்க, அந்த வாரமே பில்ல தேடி எடுத்து பாஸ் பண்ணாங்க. அவங்க நல்லவங்க. உங்கள்ல நிறைய பேர் அப்படித்தான் இருப்பீங்கன்னு நம்பறேன், ஸ்கிரீன்ல வெண்டர் கோடு மட்டும்தானே தெரியுது, அதுக்கு பின்னாடி யார் தைக்கறாங்கன்னு எப்படி தெரியும்.

இப்ப எங்க யூனிட்ல அஞ்சு மெஷின் இருக்கு, ரெண்டு மெஷின் சும்மா நிக்குது. ஆர்டர் இருக்கு, தைக்க ஆளும் இருக்காங்க, துணிக்கு காசு மட்டும் வெளில நிக்குது. ஒரு பில் 71 நாளா, இன்னொண்ணு 58 நாளா. ரெண்டுலயும் எந்த குறையும் யாரும் சொல்லல. இத படிக்கறவங்க உங்க லிஸ்ட்ட ஒரு தடவ திறந்து, 45 நாள் தாண்டின சின்ன பேரு எத்தன இருக்குன்னு பாருங்க, என்னைக்கு காசு வரும்னு அவங்களுக்கு இன்னைக்கே ஒரு போன் பண்ணி சொல்லுங்க. தேதி தெரிஞ்சாலே துணிக்கடைல போய் பேசிக்குவோம்.