தென்னை போன இடத்தில் கோகோவுக்கு நிழல் எது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மதிப்புக்குரிய அறிவியலாளர்களுக்கும் தோட்டக்கலைத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் வேர்வாடல் நோய் கண்ட தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்திக்கொண்டிருக்கிறோம். இந்த நோய்க்கு மருந்து இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். கேரளத்தில் ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக இருந்துவரும் நோய் இது. பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியைப் பூச்சிகள் மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. முற்றிய மரத்தை விட்டுவைத்தால் பக்கத்து மரமும் போகும். ஆகவே வெட்டுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. வெட்டிய மரத்துக்கு இழப்பீடு, மறுநடவுக்கு நோயைத் தாங்கும் கன்று என்று கூட்டங்களில் பேசப்படுகிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் அந்தத் தென்னைக்குக் கீழே ஊடுபயிராக நிற்கும் கோகோவுக்கு இனி நிழல் எது என்ற கேள்வியை, நான் போன கூட்டங்களில் யாரும் எடுக்கவில்லை. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான்கு தென்னைகளுக்கு நடுவில் நிற்கும் ஒரு கோகோவை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்கத்துத் தென்னை ஒன்று போனாலே போதும். பங்குனி வெயில் நேராக இலைமேல் இறங்கும். முதலில் உச்சிக் கொழுந்து வெளிறி வாடும். அடுத்து முற்றிய இலைகளின் ஓரம் தீய்ந்து, விரலால் தொட்டால் நொறுங்கும். வெயில் அறையும் பக்கத்தில் தண்டின் பட்டை வெடிக்கத் தொடங்கும். மாமரம்போலக் கிளை நுனியில் பூக்கும் மரம் அல்ல கோகோ. தண்டிலும் தடித்த கிளைகளிலும் இருக்கும் சிறு மேடுகளில்தான் ஆண்டுக்கு ஆண்டு பூவும் காயும் வருகின்றன. பட்டை காய்ந்து அந்த மேடு செத்துவிட்டால் அங்கே மறுபடி காய் எதிர்பார்க்க முடியாது. இதற்குமேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. தென்னையும் இல்லாமல் வேலியில் மரமும் இல்லாமல் நிற்கும் தோட்டத்தில் ஆனி, ஆடிக் காற்று இலைகளைக் கிழித்து உதிர்த்துவிடுகிறது.

கண்ணுக்கு எளிதில் தெரியாத இன்னொரு சேதமும் உண்டு. கோகோப் பூவில் மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல. எள்ளளவே இருக்கும் ஒரு சின்னஞ்சிறு ஈ. மட்கும் சருகிலும், அழுகும் வாழைத்தண்டிலும், குவித்துப் போட்ட கோகோ ஓட்டிலும்தான் அது முட்டையிட்டுப் பெருகுகிறது. மரம் ஆயிரக்கணக்கில் பூத்தாலும் பிஞ்சு பிடிப்பது நூற்றுக்குச் சில பூக்கள் மட்டுமே. நிழல் போனால் தரைச் சருகு காய்ந்து முறுகிவிடும். அந்த ஈக்கு இடம் இல்லாமல் போகும். பூ இருந்தும் காய் இல்லை என்று உரத்தையும் மருந்தையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகளை எனக்குத் தெரியும். அவர்கள் தோட்டத்தில் குறைவது உரம் அல்ல, ஈரமான சருகு என்று நான் நினைக்கிறேன். அதை அளந்து சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

கோகோ அமேசான் காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த மரம். முழு வெயிலின் கால் பங்கு ஒளியிலேயே அதன் இலை தன் முழுத் திறனை நெருங்கிவிடும். நம் நாட்டுக்கு அது முதலில் வந்து சேர்ந்ததே நம் மண்ணில்தான். 1798இல் குற்றாலத்தில் நட்டார்கள். பரவலான சாகுபடி 1960களில் கேரளத்தில் தொடங்கியது. தென்னைக்குக் கீழே அடுக்கடுக்காகப் பயிர் செய்யும் முறையைக் காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் 1970களிலேயே ஆராய்ந்து எழுதிவைத்தது. தென்னை இளசாக இருக்கும்போது ஒளி நிறையக் கீழே இறங்கும், எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுவரை மிகக் குறைவாக இறங்கும், அதற்குப் பிறகு மீண்டும் கூடும் என்ற கணக்கு அன்றே வந்துவிட்டது. நாம் கோகோ நட்டதெல்லாம் அந்தக் கணக்கை நம்பி, வயதான தோப்புகளில்தான். இப்போது போய்க்கொண்டிருப்பதும் அதே மரங்கள்தான். இன்று நடும் தென்னங்கன்று கோகோவின் தலைக்கு மேலே உயர்ந்து நிழல் தருவதற்குள், கீழே இருக்கும் கோகோ முடிந்துவிடும்.

நிழலே வேண்டாம், நிறைய உரமும் தண்ணீரும் கொடுத்தால் திறந்த வெயிலில் விளைச்சல் கூடும் என்று சில கன்று விற்பனையாளர்கள் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை உண்டு; ஆபத்தும் அதில்தான். கானா நாட்டின் டாஃபோவில் உள்ள கோகோ ஆராய்ச்சி நிலையம் 1950களில் நிழலையும் உரத்தையும் ஒப்பிட்டு ஒரு நீண்ட சோதனையைத் தொடங்கியது. நிழலை நீக்கி உரமிட்ட பாத்திகளில் விளைச்சல் பல மடங்கு ஏறியது. அதோடு சோதனையை முடித்திருந்தால் நிழல் தேவையில்லை என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் முடிக்கவில்லை. ஆண்டுகள் போகப்போக அந்தப் பாத்திகளில் மண்ணின் சத்து வடிந்து, மகசூல் சரிந்தது. தீவிரமாகக் காய்க்கவைத்த, நிழலற்ற கோகோவின் லாபகரமான ஆயுள் பத்தாண்டுக்கு மேல் தாங்காது என்ற முடிவுக்கு 1980களில் வந்தார்கள். மூன்றாண்டுத் திட்டமாக இருந்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா? நம் திட்டங்கள் பெரும்பாலும் மூன்றாண்டுதான். கோகோ முதல் காய் காட்டுவதே மூன்றாம் ஆண்டில்.

பொலிவியாவில் ஆல்டோ பெனி பகுதியில் 2008இல் நட்ட சோதனைத் தோட்டத்தை இன்னும் கவனிக்கிறார்கள். அங்கே முதல் ஆண்டுகளின் கணக்கில், தனிப்பயிராக நின்ற கோகோ, மரங்களோடு கலந்து நின்ற கோகோவைவிட ஏறக்குறைய 40 விழுக்காடு கூடுதலாக விளைந்தது. கோகோவை மட்டும் எடை போட்டால் கதை அதோடு முடிந்தது. ஆனால் வாழை உள்ளிட்ட மற்ற விளைச்சலையும் சேர்த்து, ஓர் ஆள் ஒரு நாள் உழைத்ததற்கு என்ன கிடைத்தது என்று கணக்கிட்டபோது, கலப்புத் தோட்டம் ஏறத்தாழ இரண்டு மடங்கு கொடுத்தது. கூலியாள் கிடைக்காமல் திண்டாடும் எங்களுக்கு வேண்டிய கணக்கு இதுதான். ஏக்கருக்கு எத்தனை கிலோ உலர் கொட்டை என்பது மட்டும் போதாது.

நிழல் என்றால் எல்லா நிழலும் நல்லது என்றும் நான் சொல்ல வரவில்லை. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் காட்டு நிழலை 80 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காட்டுக்குக் குறைத்த தோட்டங்களில் விவசாயியின் நிகர வருமானம் இரட்டிப்பானது. உயிரினங்களுக்கு நேர்ந்த இழப்போ சிறிது. நிழல் அடர்ந்து காற்று புகாமல் போனால் மழைக்காலத்தில் காய் கறுத்து அழுகும் கருங்காய் அழுகல் நோய் தோட்டத்தையே தின்றுவிடும். கிளை கழித்துக் கவாத்து செய்யாத நிழல் மரம் கோகோவுக்குப் பகைதான்.

இதைவிட எனக்குக் கவலை தருவது தண்ணீர். அதே சுலவேசியில், கிளைரிசிடியா என்னும் தழை மரத்தின் நிழலில் நின்ற கோகோத் தோட்டத்தில், மரங்களின் தழைக்குக் கீழே தகடு கட்டி, பதின்மூன்று மாதம் மழையின் பெரும்பகுதியைத் தரையில் விழாமல் தடுத்துப் பார்த்தார்கள். விளைச்சல் பத்து விழுக்காடு அளவுக்கே குறைந்தது. கோகோவின் வேர் மேல்மண்ணிலும் கிளைரிசிடியாவின் வேர் ஆழத்திலும் தண்ணீர் தேடியதால் இரண்டும் போட்டியிடவில்லை. ஆனால் கானாவின் வறண்ட பகுதியில் கடும் வறட்சி வந்தபோது நிலைமை தலைகீழ். அங்கே சோதித்த நிழல் மரங்கள் கோகோவோடு தண்ணீருக்குப் போட்டியிட்டன. திறந்த வெயிலில் நின்ற கோகோவைவிட நிழலில் நின்றது அதிகம் செத்தது. ஆக, மரத்தின் பெயரும் மண்ணும் மழையும் தெரியாமல் நிழல் மரம் நடுங்கள் என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

எங்கள் நிலைமை சுலவேசியைப் போன்றதா, கானாவின் வறண்ட பகுதியைப் போன்றதா? ஆழியாறு அடிவாரத்தில் ஒரு மழை, பொள்ளாச்சிக்குக் கிழக்கே வேறு மழை, உடுமலைப்பேட்டைப் பக்கம் இன்னும் குறைவு. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் தண்ணீரும் ஆழ்குழாய்க் கிணறும்தான் எங்கள் ஈரம். கிளைரிசிடியா எங்கள் வேலிகளில் இருக்கிறது; வெட்டி மூடாக்குப் போட்டால் தழைச்சத்தும் கிடைக்கும். கல்யாண முருங்கை காபித் தோட்டங்களில் நிழலுக்குப் பழகிய மரம். ஜாதிக்காய் ஏற்கெனவே பல தோப்புகளில் நன்றாகக் காய்க்கிறது, ஆனால் அதற்கே நிழல் வேண்டும். மலைவேம்பு வேகமாக உயரும். எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? இவற்றில் எது, எத்தனை அடி இடைவெளியில், எந்த மாதம் கவாத்து செய்தால் எங்கள் கோகோ பிழைக்கும் என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆளாளுக்குக் கையில் கிடைத்த கன்றை நட்டுக்கொண்டிருக்கிறோம்.

நான் கேட்பது இதுதான். ஆழியாறு நகரில் உங்கள் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கி, தென்னை வெட்டிய எங்கள் தோட்டங்களிலேயே சோதனைப் பாத்திகளைப் போடுங்கள். நல்ல மழை உள்ள அடிவாரத்தில் சில, காய்ந்த கிழக்குப் பகுதியில் சில. ஒவ்வொரு மரத்துக்கும் அடியில் மண் ஈரத்தை வெவ்வேறு ஆழத்தில் அளவெடுங்கள். நிழல் இல்லாத பாத்தியும் கட்டாயம் இருக்கட்டும். அது ஜெயித்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். கோகோவின் எடையோடு மிளகு, வாழை, தழை, மரம், ஆள் கூலி எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் வையுங்கள். அணில் கடித்த காய்களும் அந்தக் கணக்கில் வரட்டும். குறைந்தது பத்தாண்டு. ஆண்டுதோறும் வரும் எண்களை, ஆய்விதழுக்காகக் காத்திருக்காமல், தமிழில் எங்கள் கைக்குத் தாருங்கள்.

தோட்டக்கலைத் துறைக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கானாவில் தானாக முளைத்த காட்டு மரம் அரசுக்குச் சொந்தம். ஒப்பந்தக்காரர் வந்து அதை வெட்டிச் சாய்க்கும்போது அடியில் இருக்கும் கோகோ நசுங்கும். அதனால் விவசாயிகளே நல்ல மரக்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்தார்கள். நிழலுக்காக நாங்கள் நடும் மரத்தை நாளை நாங்களே வெட்டிக்கொள்ளலாம் என்ற உறுதியை, நடும்போதே எழுத்தில் கொடுங்கள். வன அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருக்கும் என்ற பயத்தில் தேக்கைக்கூட நடாமல் விட்டவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

விலையைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள். 1980களில் விலை விழுந்தபோது கேரளத்தில் கோகோ மரங்களை வெட்டி எறிந்தார்கள். 2024இல் உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியபோது, கேரளத்தில் உலர் கொட்டை கிலோ ஆயிரம் ரூபாயைக் கடந்தபோது, கன்று கிடைக்காமல் ஆலாய்ப் பறந்தார்கள். அடுத்த ஆண்டே விலை இறங்கி, ஆந்திர விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நட்டு ஒவ்வொரு இறக்கத்துக்கும் வெட்டினால், பத்தாண்டு வயதுள்ள நிழல் மரம் நமக்கு எப்போது கிடைக்கும்?

சோதனைக்கு இடம் தர எங்கள் பகுதியில் விவசாயிகள் தயாராக இருக்கிறார்கள், நானும் ஒருவன். தண்ணீரும் ஆளும் எங்கள் பொறுப்பு. கன்றும் அளவுக் கருவியும் பத்தாண்டுக்கு மாறாத ஒரு பொறுப்பாளரும் உங்கள் பொறுப்பு. எந்த மரம் எங்கே என்ற நடவு வரைபடம் மே மாதத்துக்குள் வந்துவிட்டால், தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே குழி எடுத்து ஆற வைத்துவிடுவோம்.

இப்படிக்கு,
ஆனைமலை வட்டாரக் கோகோ விவசாயி